ஸ்டார் இல்லாத மருத்துவமனை மோசமான மருத்துவமனையா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சிற்றூரில் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு 70 வயது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறது, பைபாஸ் செய்யவேண்டும் என்கிறார்கள். மருத்துவமனைகளின் தரத்துக்கு ஸ்டார் போட்டு ஒப்பிட்டுக் காட்டும் மெடிகேரின் ‘கேர் கம்பேர்’ தளத்தில் தேடிப் பார்த்தால் உங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஸ்டாரே இல்லை. 60 மைல் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஐந்துக்கு மூன்று ஸ்டார். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் ஒன்றும் இல்லை. எந்த மருத்துவமனைகள்தான் தங்கள் தரக் கணக்கை ஊரறியக் காட்டுகின்றன, காட்டாதவர்கள் எதையோ மறைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறைப்பவர்களும் உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களுக்கும் ஸ்டார் இல்லாததற்கு அது காரணமாக இருக்காது. ஒரு மருத்துவமனை கணக்குக் கொடுக்கிறதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மெடிகேர் அதற்கு எந்த வழியில் பணம் தருகிறது என்பதே. நான் ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் இந்த எண்களைத் திரட்டி அனுப்பும் வேலையில் இருக்கிறேன். எங்களிடம் வருகிற கேள்விகளில் பாதி இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை.

சாதாரணப் பொது மருத்துவமனைகளுக்கு மெடிகேர், இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே வகுத்த விலையில் பணம் தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கொஞ்சம் உயர்த்தும். 2000-களின் தொடக்கத்தில் தரக் கணக்கை வெளியிடுங்கள் என்று மருத்துவமனைகளைக் கேட்டபோது அது முழுக்க அவரவர் விருப்பம்; முன்வந்தவர்கள் சில நூறு பேர்தான். 2003-இல் வந்த மெடிகேர் சட்டம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா பற்றிய 10 அளவீடுகளைக் கொடுக்காதவர்களுக்கு ஆண்டு உயர்வில் 0.4 சதவீதப் புள்ளி குறையும் என்றது. கேட்பதற்கு அற்பத் தொகை. ஆனால் தகுதியுள்ள மருத்துவமனைகளில் ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டன. 2005-இல் இன்னொரு சட்டம் அந்த வெட்டை 2 புள்ளியாக்கியது. 2015 நிதியாண்டு முதல் கணக்குக் கொடுக்காதவர்களுக்கு ஆண்டு உயர்வில் கால் பங்கு போகிறது. சட்டத்தின் கண்ணில் இது இன்றும் ‘விருப்பத்தின் பேரில்’ நடக்கும் காரியம். நடைமுறையில் எந்த நிதி அதிகாரியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். 2005 ஏப்ரலில் ‘ஹாஸ்பிடல் கம்பேர்’ தளம் திறந்தது. 2020-இல் அது ‘கேர் கம்பேர்’ தளத்துக்குள் சேர்ந்தது.

இந்த விலை முறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த வெட்டு பொருந்தாது. உங்கள் ஊர் மருத்துவமனை அநேகமாக அந்த வகைதான். ‘கிரிட்டிகல் ஆக்ஸஸ்’ மருத்துவமனை என்பார்கள். 1997 சட்டத்தில் பிறந்த ஏற்பாடு: 25 படுக்கைக்கு மேல் இருக்கக்கூடாது, பொதுவாக அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால் இருக்கவேண்டும், நோயாளிகள் தங்கும் நேரம் சராசரியாக 96 மணிக்கு மிகக்கூடாது. நாடெங்கும் 1,300-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நோய்க்கு இவ்வளவு என்றில்லாமல் ஆன செலவுக்குமேல் ஒரு சதவீதம் சேர்த்து இவர்களுக்குப் பணம் தருகிறார்கள். சின்ன ஊரில் கதவை மூடாமல் இருக்கவேண்டும் என்பதற்காக. கணக்குக் கொடுக்கும் கட்டாயம் இவர்களுக்கு இல்லை. இருந்தும் பலர் கொடுக்கிறார்கள், ஏனென்றால் கிராமப்புற மருத்துவமனைகளுக்கான மத்திய அரசின் தனித் திட்டம் ஒன்று அதை ஊக்குவிக்கிறது. ஒருவரை வேறு ஊருக்கு ரெஃபர் செய்து ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மருந்துப் பட்டியலும் பரிசோதனை முடிவுகளும் கூடவே போனதா என்பதைக்கூட அதில் அளக்கிறார்கள். ஒரு சிற்றூர் மருத்துவமனையிடம் நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அது. கேர் கம்பேரில் அந்த எண் வராது. நேரில் கேட்டால் சொல்வார்கள்.

கணக்குக் கொடுத்தாலும் ஸ்டார் வராமல் போகலாம். ஸ்டார் கிடைக்க ஐந்து பிரிவுகளில் (இறப்பு, பாதுகாப்பு, மறு அட்மிஷன், நோயாளி அனுபவம், உரிய நேரத்தில் தகுந்த சிகிச்சை) குறைந்தது மூன்றிலாவது தலா மூன்று அளவீடுகள் வேண்டும். அந்த மூன்றில் ஒன்று இறப்பாகவோ பாதுகாப்பாகவோ இருக்கவேண்டும். இறப்பு விகிதம் போட ஒரு நோய்க்குக் குறைந்தது 25 பேராவது தேவை. பத்துப் படுக்கை மருத்துவமனை எத்தனை மாரடைப்பைப் பார்க்கும்? தொற்றுக் கணக்கில் இன்னும் வேடிக்கை. அந்த மருத்துவமனையில் இத்தனை தொற்று வரலாம் என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டு, உண்மையில் வந்ததை அதனால் வகுக்கிறார்கள். எதிர்பார்ப்பு ஒன்றுக்குக் கீழே இருந்தால் விகிதமே போடமாட்டார்கள். ஒரு சின்ன மருத்துவமனை வருடம் முழுவதும் ஒரு தொற்றுகூட இல்லாமல் கழித்தாலும் அந்தக் கட்டத்தில் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் இருக்கும். அந்தத் தளத்தில் 4,600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றில் ஸ்டார் உள்ளவை 3,000 அளவில்தான்.

ஆகவே கட்டம் காலியாக இருந்தால் அதன் பக்கத்தில் பொடியாக இருக்கும் அடிக்குறிப்பு எண்ணைப் பாருங்கள். 1 என்றால் நோயாளிகள் மிகக் குறைவு. 7 என்றால் அந்த அளவீட்டுக்குள் வரும் நோயாளியே இல்லை. 16 என்றால் ஸ்டார் போடப் போதுமான அளவீடுகள் இல்லை. 19 என்றால் அந்த மருத்துவமனை உள்நோயாளி, வெளிநோயாளித் தரக் கணக்குத் திட்டங்களில் இல்லை. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு 1 அல்லது 16 இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நகரத்தில் 300 படுக்கையோடு நிற்கும் பொது மருத்துவமனைக்குக் கட்டம் கட்டமாகக் காலியாக இருந்தால் நான் உட்கார்ந்து விசாரிப்பேன்.

குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவோம். மெடிகேர் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கானது. தனிக் குழந்தைகள் மருத்துவமனைகள் அதன் விலை முறையில் இல்லை. எனவே கணக்குக் கொடுக்கும் கட்டாயமும் இல்லை. நாட்டிலேயே பெயர்பெற்ற குழந்தைகள் மருத்துவமனைகளைத் தேடினாலும் அந்தத் தளத்தில் உங்களுக்கு அதிகம் கிடைக்காது. புற்றுநோய்க்கென்றே உள்ள 11 மருத்துவமனைகளும் (ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் போன்றவை) விலை முறைக்கு வெளியே இருப்பவைதாம். அவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, எண்கள் வெளியாகின்றன, ஸ்டார் கிடையாது. மனநல மருத்துவமனைகளுக்கும் அப்படியே. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளுக்கு 2023 முதல் ஸ்டார் உண்டு. ராணுவத்தின் சொந்த மருத்துவமனைகளுக்கு இல்லை. மேரிலாந்து ஒரு தனிக் கதை: 1970-களிலிருந்தே அங்கே மருத்துவமனைக் கட்டணத்தை மாநில ஆணையமே நிர்ணயிக்கிறது. அபராதமும் வெகுமதியும் மாநிலமே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் அவர்களின் எண்கள் மத்திய தளத்தில் வருகின்றன.

எந்த மருத்துவமனையை எதோடு ஒப்பிடலாம் என்பதில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு பழைய கசப்பு உண்டு. 1986-இல் மெடிகேர் நிர்வாகம் முதன்முதலாக மருத்துவமனை வாரியான இறப்புப் பட்டியலை வெளியிட்டது. எதிர்பார்ப்பை விடப் படுமோசமாக இருந்த இடத்தில் மெடிகேர் நோயாளிகளில் 87 சதவீதத்துக்கும் மேல் இறந்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அது கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பைஸ். இறக்கும் தறுவாயில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வதே அதன் பணி. மருத்துவமனைகள் கொதித்தன, சில ஆண்டுகள் தள்ளாடிய அந்தப் பட்டியலை 1993-இல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் மல்லுக்கட்டும் நோய்த்தீவிரத் திருத்தக் கணக்குகள் (நோயாளிகள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதற்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்பவை), இவர்களைச் சேர், அவர்களை நீக்கு என்ற நூறு பக்க விதிகள் எல்லாம் அந்த மாதிரி அவமானம் திரும்ப வரக்கூடாது என்பதற்காகத்தான்.

கணக்குக் கொடுப்பவர்களின் எண் எப்படி உருவாகிறது என்று ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். செப்சிஸ் அளவீடு என்று இருக்கிறது. தொற்று உடலெங்கும் பரவி உறுப்புகள் தளரத் தொடங்கிய கணத்தை ‘பூஜ்ஜிய நேரம்’ என்று சார்ட்டிலிருந்து கண்டுபிடிக்கவேண்டும். அதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகள் திணறுவதைக் காட்டும் பொருள்) பார்த்தார்களா, ஆன்டிபயாடிக் ஏற்றும் முன் கிருமியைக் கண்டறியும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்களா, மருந்து ஏறியதா, ரத்த அழுத்தம் விழுந்திருந்தால் கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் திரவம் போனதா, லாக்டேட் கூடுதலாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தார்களா. எல்லாம் இருந்தால் தேர்ச்சி. ஒன்று தவறினாலும் தோல்வி. எங்கள் பிரிவில் இதைப் பார்ப்பவர் வார்டில் நீண்டகாலம் வேலை செய்த நர்ஸ். நர்ஸ் எழுதிய குறிப்பு, மருந்து ஸ்கேன் ஆன நேரம், லேப் நேரம் என்று மூன்று கடிகாரங்களை ஒத்துப் பார்த்து ஒரு சார்ட்டோடு அரை நாள் போராடுவார். கல்ச்சர் எடுத்தது 2:14, மருந்து தொடங்கியது 2:09 என்று பதிவாகியிருக்கும். கட்டிலருகே என்ன நடந்ததென்று தெரியாது, எழுதியிருப்பதுதான் கணக்கு. அந்த நோயாளி பிழைத்து வீட்டுக்கு நடந்தே போயிருப்பார், எங்கள் கணக்கில் தோல்வி. மெடிகேர் நிர்வாகம் ஆண்டுக்கு 400 மருத்துவமனைகள் வரை பொறுக்கி எடுத்து, சார்ட்டுகளை வரவழைத்து மறுபடி சரிபார்க்கும். 75 சதவீதம் ஒத்துப்போகாவிட்டால் கணக்கே கொடுக்காதவர்களைப் போல வெட்டு விழும். ஆக, எண்களில் பொய் குறைவு. எண் முழு உண்மையையும் சொல்கிறதா என்றால், இல்லை.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: ஓர் எண் யாரைப் பற்றியது? இறப்பு, மறு அட்மிஷன் எண்கள் பல ஆண்டுகளாக, தனியார் காப்பீட்டு நிறுவனம் வழியாக இல்லாமல் அரசே நேரடியாகப் பணம் கட்டும் பழைய முறை மெடிகேரில் உள்ள முதியவர்களின் பில்களிலிருந்தே வந்தன. உங்களுக்கு 35 வயது என்றால் அந்த எண்ணில் நீங்கள் இல்லை. விசிட்டர் விசாவில் வந்து பயணக் காப்பீட்டில் அட்மிட் ஆகும் அம்மாவும் இல்லை. தொற்றுக் கணக்கும் செப்சிஸ் கணக்கும் பணம் யார் கட்டினாலும் பொருந்தும். இதோடு, தளத்தில் ஒரு பெயருக்குக் கீழே ஒரே கட்டடம்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரே மெடிகேர் பதிவு எண்ணில் மூன்று வளாகங்கள் இயங்கலாம். மூன்றின் கணக்கும் கலந்து ஒரே எண்ணாக வரும். உங்கள் மூன்று ஸ்டார் மருத்துவமனை இரண்டு ஊர்களில் இருந்தால் அந்த ஸ்டார் எந்த ஊருக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது.

சரி, பைபாஸ். இங்கே அந்த மூன்று ஸ்டாரை ஒதுக்கிவையுங்கள். மூட்டு மாற்று அறுவை, கொலோனோஸ்கோபி, எமர்ஜென்சியில் காத்திருக்கும் நேரம் எல்லாம் கலந்த ஒட்டுமொத்தக் குறி அது. உள்ளே போய் பைபாஸுக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு என்ற எண்ணைப் பாருங்கள். அங்கும் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு ‘தேசிய விகிதத்தோடு வேறுபாடு இல்லை’ என்றே இருக்கும். தப்பித்தவறி ‘மோசம்’ என்று இருந்தால் மட்டும் அதைக் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. இதய, நெஞ்சு அறுவை மருத்துவர்களின் சங்கமான எஸ்.டி.எஸ். தன் தகவல் தொகுப்பில் நாட்டின் பெரியவர் இதய அறுவைப் பிரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை வைத்திருக்கிறது. 2010 முதல், சம்மதிக்கும் பிரிவுகளின் மதிப்பீட்டை வெளியிடுகிறார்கள். பைபாஸுக்கு மட்டும் தனி மதிப்பீடு: இறப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சிக்கல்கள், மார்பின் உள்தமனியை எடுத்து ஒட்டினார்களா, உரிய மருந்துகள் கொடுத்தார்களா என்று பார்த்து ஒன்று முதல் மூன்று ஸ்டார். மூன்றுக்கு இரண்டு என்றால் ‘எதிர்பார்த்தபடி’ என்று அர்த்தம்; பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். அதைக் கண்டு பயப்படவேண்டாம். பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால்தான் கேட்கவேண்டும். அநேகமாக, தொகுப்பில் இருந்துகொண்டு, தன் எண் தனக்குத் தெரிந்தும், வெளியிடச் சம்மதிக்காத பிரிவு அது. இந்த மாதிரிக் காலி இடத்துக்கும் உங்கள் ஊர் மருத்துவமனையின் காலிக் கட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

குழந்தைகளின் இதய அறுவையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2019-இல் நார்த் கரோலினாவில் நடந்தது சாட்சி. அங்கே பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் இதய மருத்துவர்களே, தங்கள் நோயாளிகளை அங்கு அறுவைக்கு அனுப்பலாமா என்று கவலையோடு பேசிய ஒலிப்பதிவுகளை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்தப் பிரிவு தன் இறப்பு எண்களைப் பொதுவில் காட்டாமல் இருந்தது. செய்தி வந்தபின் மிகச் சிக்கலான அறுவைகளை நிறுத்திவைத்து, எண்களையும் வெளியிட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் இதெல்லாம் வேண்டாம். பெரிய அறுவை என்று வந்தால் குழந்தைகள் மருத்துவமனையிடமும் தயங்காமல் கேளுங்கள்.

சில மாநிலங்கள் இதய அறுவையை யாருடைய சம்மதத்துக்கும் விடவில்லை. நியூயார்க் 1989-இலேயே பைபாஸ் கணக்கைத் திரட்டத் தொடங்கியது. அறுவை மருத்துவர் வாரியான எண்களை ‘நியூஸ்டே’ நாளிதழ் வழக்குப் போட்டு வாங்கியது. நோய்த்தீவிரத்துக்குத் திருத்திய இறப்பு விகிதம் 1989-இல் 4.17 சதவீதமாக இருந்தது 1992-இல் 2.45 ஆகக் குறைந்தது. கணக்கை வெளியிட்டதால் வந்த முன்னேற்றமா, இல்லை ஆபத்தான நோயாளிகளைத் தட்டிக்கழித்து வெளி மாநிலமான ஓஹையோவுக்கு அனுப்பியதாலா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் கருத்து. கலிஃபோர்னியா முதலில் விரும்புகிறவர்கள் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தது. கணிசமான மருத்துவமனைகள் ஒதுங்கி நின்றதால் 2001-இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. பென்சில்வேனியாவில் 1986 முதலே மாநிலத்துக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. உங்கள் மாநிலச் சுகாதாரத் துறைத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

‘லீப்ஃப்ராக்’ ஏ முதல் எஃப் வரை கொடுக்கும் கிரேடைப் பற்றியும் கேட்பார்கள், அதனால் இரண்டு வார்த்தை. 2000-இல் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. அதன் கேள்வித்தாளை நிரப்புவது மருத்துவமனையின் விருப்பம். நிரப்பாதவர்கள் பெயருக்கு நேரே ‘பதிலளிக்க மறுத்துவிட்டார்கள்’ என்று போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். நிரப்பாதவர்களுக்கும் அரசு எண்களை வைத்துக் கிரேடு உண்டு. கிரிட்டிகல் ஆக்ஸஸ், குழந்தைகள் மருத்துவமனைகள் போன்றவற்றுக்குக் கிரேடு கிடையாது. வாசலில் பெரிய ‘ஏ’ பேனர் தொங்கினால், அந்தச் சின்னத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மருத்துவமனை கட்டணம் கட்டுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். அங்கீகாரச் சான்றிதழ்கள் வேறு ரகம். இங்கே ஜாயின்ட் கமிஷன், நம்மூரில் என்.ஏ.பி.எச். இரண்டும் ‘தேர்வில் தேறியது’ என்கின்றன. அங்கே பைபாஸ் செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்தில் இறந்தார்கள் என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது.

அப்பாவுக்கு நான் என்றால் இப்படிச் செய்வேன். 60 மைல் மருத்துவமனையையும், அதற்கு அப்பால் காரில் போகக்கூடிய இன்னும் ஒன்றிரண்டையும் எஸ்.டி.எஸ். பட்டியலில் தேடுவேன். சர்ஜனைப் பார்க்கும்போது, “வருடத்துக்கு எத்தனை தனி பைபாஸ் (வேறு அறுவை சேராதது) செய்கிறீர்கள்? உங்கள் எஸ்.டி.எஸ். மதிப்பீடு என்ன? எங்கள் அப்பாவுக்கான ஆபத்து சதவீதம் எவ்வளவு வருகிறது?” என்று கேட்பேன். வயது, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் போட்டால் அந்தச் சதவீதத்தைத் தரும் கணக்குப்பொறி அவர்கள் மேசையிலேயே இருக்கிறது. மரியாதைக்குறைவாக யாரும் நினைக்கமாட்டார்கள். நல்ல சர்ஜன்கள் எண்ணை நாக்கு நுனியில் வைத்திருப்பார்கள். ஊர் மருத்துவமனையை விட்டுவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் முதலில் போகப்போவது அங்கேதான். அதனால் டிஸ்சார்ஜ் குறிப்பின் நகல் அவர்களிடமும் இருக்கட்டும்.

அப்பா வீடு திரும்பி இரண்டு நாள் முதல் ஆறு வாரத்துக்குள் மருத்துவமனையிலிருந்து ஒரு கேள்வித்தாள் தபாலில் வரலாம், போனிலோ மின்னஞ்சலிலோ கேட்கலாம். எல்லாருக்கும் வராது, குலுக்கிப் பொறுக்கி அனுப்புவார்கள்; அறுவைக்குப் பின் நேராக நர்சிங் ஹோமுக்குப் போனவர்களுக்கு வராது. தளத்தில் உள்ள ‘நோயாளி அனுபவம்’ ஸ்டார் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்பானிஷ், சீனம், ரஷ்யன், வியட்நாமியம், அரபி என்று பல மொழிகளில் அந்தத் தாள் உண்டு. தமிழில் இல்லை, வேறெந்த இந்திய மொழியிலும் இல்லை. முன்பு நோயாளி தானே நிரப்பவேண்டும் என்று விதி இருந்ததால், ஆங்கிலம் சரளமில்லாத நம் பெற்றோரின் உறைகள் பிரிக்காமலே குப்பைக்குப் போயின. 2025 முதல் அவருக்காக வீட்டில் ஒருவர் பதில் சொல்லலாம். வந்தால் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மருந்து கொடுக்கும்போது எதற்கென்று சொன்னார்களா, பெல் அடித்தால் வந்தார்களா, ராத்திரி சத்தம் இல்லாமல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்டார் போட 100 தாள்களாவது வேண்டும். பல மருத்துவமனைகளுக்கு அதுவே சேர்வதில்லை.